சும்மா இருக்கும் புலனுக்கு ஒரு வேலை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் லெபு பசார் எனப்படும் மார்க்கெட் தெருவில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். ஒரு கடை வாசல் ஒலிபெருக்கியில் புதுப்படப் பாட்டு. எதிர்க்கடையில் பக்திப் பாட்டு. நடுவே கார் ஹாரன், எண்ணெய்ச் சட்டியில் வடை விழும் ஓசை, பூக்கட்டும் இடத்திலிருந்து மல்லிகை வாசம், பக்கத்துத் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலின் மணி. இந்த அமளிக்கு நடுவே உட்கார்ந்து கணக்கில் பிசகாமல் சில்லறை கொடுக்கும் ஒருவர், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வருமான வரிப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் அரை மணியில் நாலு தடவை எழுந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் சோம்பல் என்பார்கள். அவருமே அதை நம்பிவிடுவார்.

எல்லோருக்கும் எப்போதாவது இப்படி நடக்கும். சிலருக்கு மட்டும் சிறு வயதிலிருந்து விடாமல், படிப்பையும் வேலையையும் குடும்பத்தையும் பாதிக்கும் அளவுக்கு நடக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஏடிஎச்டி இருக்கக்கூடும். கவனக்குறைவு–மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்று தமிழில் எழுதுகிறோம். அமைதியான அறை, அசையாத உடம்பு, ஒரே இடம் என்று நாம் வழிவழியாகச் சொல்லிவரும் புத்திமதி இவர்களுக்கு ஏன் பல நேரம் பலிப்பதில்லை? காதுக்கும் கைக்கும் தோலுக்கும் போகும் தூண்டல்களை வைத்தே கவனத்தை நிறுத்த முடியுமா? கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளில் இதற்குச் சுவையான பதில்கள் இருக்கின்றன. சில, சமூக ஊடகங்களில் உலவும் நம்பிக்கைகளுக்கு நேர் எதிரானவை.

வளர்ந்த பிறகும்

கவனம் நிலைக்காமல் தவிக்கும் நிலையை ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே எழுதிவைத்தார். 1902-இல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய உரைகளில் அது பிள்ளைகளின் பிரச்சினையாக விரிவாகப் பேசப்பட்டது. அதற்குப் பிறகு நெடுங்காலம் அது பள்ளிக்கூடத்தோடு முடிகிற சங்கதியாகவே கருதப்பட்டது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் கையேடு பெரியவர்களுக்கென்று அளவுகோலைச் சற்று மாற்றியது. பிள்ளைகளுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டும் என்ற இடத்தில், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும். ஆனால் அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான மதிப்பீடு ஒன்று, சிறு வயதில் தொடங்கி வளர்ந்த பிறகும் நீடிக்கும் ஏடிஎச்டி உலகப் பெரியவர்களில் சுமார் 2.6 விழுக்காட்டினருக்கு இருப்பதாகக் கணக்கிட்டது. மலேசியச் சுகாதார அமைச்சு 2020-இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியோ பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் உரியது.

வளர்ந்தவரிடம் இது வேறு முகம் காட்டும். மேசை மேல் ஏறிக் குதித்த பையன் நாற்பது வயதில் குதிக்க மாட்டார். கூட்டத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். மின்னஞ்சலைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றைத் திறப்பார். கெடுவுக்கு முந்திய இரவில் மட்டும் அசுர வேகத்தில் வேலை செய்வார். பிடித்த வேலையில் உட்கார்ந்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்துபோகும். ஆகவே கவனம் என்ற சரக்கே அவரிடம் இல்லை என்று சொல்வது பிழை. வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் அதை ஏற்றி இறக்குவதுதான் அவருக்குச் சிரமம்.

இந்த ஏற்ற இறக்கத்தில் டோப்பமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நரம்புத் திரள் இருக்கிறது. நார்அட்ரினலினை மூளையெங்கும் அனுப்புவது அதுதான். அது மந்தமாக இருந்தால் மனிதர் தூங்கி வழிவார். மட்டுமீறித் துடித்தால் எதைக் கண்டாலும் திரும்பிப் பார்ப்பார். நடுவில் உள்ள மிதமான நிலையில்தான் ஒன்றில் ஊன்ற முடியும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியும் இந்த வேதிப்பொருள்கள் மிதமாக இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்கிறது. கூடினாலும் குறைந்தாலும் சறுக்குகிறது.

1975-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் சிட்னி ஜென்டால் இதன் மறுபக்கத்தை எடுத்துச் சொன்னார். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்குத் தூண்டல் அதிகமாகிவிட்டது என்றே அதுவரை பலரும் நினைத்தார்கள். அதனால் வகுப்பறையில் படங்களைக் கழற்றி, வெள்ளைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தார்கள். ஜென்டால், அந்தப் பிள்ளைக்குத் தூண்டல் பற்றவில்லை, பற்றாததைத்தான் அது தன் கைகாலை ஆட்டித் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் பல இந்தக் கருத்திலிருந்தே கிளைத்தவை.

இரைச்சல் எப்படி உதவும்?

2007-இல் சுவீடனில் யோரான் சோடர்லுண்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சில கட்டளைகளை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு முறை அமைதியில், ஒரு முறை சுமார் 80 டெசிபல் வெள்ளை இரைச்சலில். எல்லா அதிர்வெண்களும் சம பலத்தில் கலந்த ‘உஷ்’ என்ற ஒலியைத்தான் வெள்ளை இரைச்சல் என்கிறார்கள். நிலையம் கிடைக்காத பழைய வானொலியில் கேட்டிருப்போம். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் நினைவு அந்த இரைச்சலில் கூடியது. மற்றப் பிள்ளைகளுக்குக் குறைந்தது. ஒரே ஒலி, ஒரே அறை, இரண்டு எதிரெதிர் விளைவுகள்.

விளக்கத்துக்கு அவர்கள் இயற்பியலிலிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொண்டார்கள். 1981-இல் பனியுகங்கள் ஏன் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து போகின்றன என்று ஆராய்ந்த இத்தாலிய அறிஞர்கள் முன்வைத்த கருத்து அது. வலுக்குறைந்த ஒரு சமிக்ஞை, தாண்ட வேண்டிய எல்லைக்குக் கீழேயே நின்றுவிடும். அதோடு மிதமான இரைச்சலைச் சேர்த்தால் அவ்வப்போது எல்லையைத் தாண்டும். வெல்ட் கீயில் சீனக் குலத்தாரின் மரத்துறைகளுக்குப் பக்கத்தில், நீர் வற்றிய நேரத்தில் மணல் திட்டில் தட்டி நிற்கும் சம்பான் படகை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்பின் விசை மட்டும் போதவில்லை. சின்னச் சின்ன அலைகள் வந்து படகைத் தூக்கிவிடும் கணத்தில், அதே துடுப்பு விசை திட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். அலை பெரிதானால் படகு கவிழும். ஏற்கெனவே ஆழமான நீரில் மிதக்கும் படகுக்கோ அலை வெறும் இடைஞ்சல்.

இது கணக்கோடு நின்றுவிடவில்லை. 1993-இல் கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர்ச் சிங்கி இறால் ஒன்றின் தொடு உணர்வு நரம்புகளில், இரைச்சல் சேர்ந்தபோது வலுக்குறைந்த அசைவு தெளிவாகப் பதிவதை ஆய்வாளர்கள் அளந்தார்கள். 1999-இல் துடுப்பு மீன், நீரில் சிறிதளவு மின் இரைச்சல் இருந்தபோது சற்றுத் தொலைவில் உள்ள இரையையும் கண்டுபிடிப்பதைக் காட்டினார்கள். ஏடிஎச்டி மூளையில் டோப்பமின் அடிநிலை குறைந்திருப்பதால் உள்ளே இருக்கும் நரம்பு இரைச்சலும் குறைவு, அந்தக் குறையை வெளி இரைச்சல் ஈடுகட்டுகிறது என்பது சோடர்லுண்ட் அணியின் வாதம்.

வாதம் அழகானது. முழுதும் உறுதியானதா? பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சீண்டிப் பார்த்தது. இரைச்சலே இல்லாத, ஏற்ற இறக்கமற்ற ஒற்றைச் சுரமும் மூளை அலைப் பதிவில் இரைச்சலைப் போன்ற விளைவையே தந்தது. அப்படியானால் விழிப்பு நிலையைப் பொதுவாக ஏற்றிவிடும் எந்தச் சீரான ஒலியும் போதும் போலிருக்கிறது. ஏன் உதவுகிறது என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. உதவுகிறதா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. அமெரிக்காவின் ஓரிகானில் ஜோயல் நிக் தலைமையிலான குழு 2024-இல் 13 ஆய்வுகளைச் சேர்த்து, 335 பேரின் தரவுகளை அலசியது. வெள்ளை இரைச்சலும் அதைவிடச் சற்றுக் கனமான இளஞ்சிவப்பு இரைச்சலும் ஏடிஎச்டி உள்ளவர்களுக்குக் கொடுத்த உதவியின் அளவு, புள்ளியியலில் விளைவளவு என்று சொல்லும் கணக்கில், 0.25. சிறிது, ஆனால் நிஜம். ஏடிஎச்டி இல்லாதவர்களுக்கு அதே இரைச்சல் செய்த கெடுதல் 0.21. இன்னொன்றும் அதில் தெரிந்தது. இணையத்தில் இலட்சக்கணக்கானோர் கேட்கும் ‘பழுப்பு இரைச்சல்’ பற்றி, சேர்த்துக்கொள்ளும் தரத்தில் ஓர் ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளும் கல்லூரி வயதினரும் என்பதையும் மறக்கக்கூடாது.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல

‘சரி, எனக்குச் சத்தம் நல்லது’ என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கோப்பிக்கடைக்குப் போவதற்கு முன், சத்தத்தின் வகையைப் பார்க்க வேண்டும். மூளைக்கு மனிதப் பேச்சு தனி ரகம்.

1976-இல் அமெரிக்க மாணவர்களிடம் எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லி, பின்னணியில் அவர்களுக்குத் தெரியாத ஜெர்மன் மொழியில் வாசித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் நினைவு சறுக்கியது. பேச்சின் ஒலி கணத்துக்குக் கணம் மாறுகிறது. மாறும் ஒலியைக் காது விடாமல் பின்தொடர்கிறது. அது நினைவில் நாம் அடுக்கிவைக்கும் வரிசையைக் கலைத்துவிடுகிறது. படித்துப் புரிந்துகொள்ளும் வேலையில் கதை வேறு. அங்கே புரியும் மொழிதான் அதிகம் தொல்லை தரும்.

ஹொக்கியன், மலாய், தமிழ், ஆங்கிலம் எல்லாம் ஒரே மேசையில் புழங்கும் ஜார்ஜ் டவுனில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. தமிழில் கட்டுரை எழுத வேண்டியவருக்கு, தமிழ் பேசும் பக்கத்து மேசையைவிட அவருக்குத் தெரியாத ஹொக்கியன் பேசும் மேசை தேவலை. தொலைபேசி எண்களைப் பார்த்துப் பதிய வேண்டியவருக்கு இரண்டுமே ஆகாது. ஒரு குரல் தனியாகக் கேட்பதைவிடப் பல குரல்கள் ஒன்றாகக் கலந்து கேட்பது குறைவாகவே இடைஞ்சல் செய்கிறது என்பதும் 1990-களின் சோதனைகளில் தெரிந்தது. குரல்கள் கூடக் கூட மேடுபள்ளம் நிரவப்பட்டு, எல்லாம் ஒரே முணுமுணுப்பாகிவிடுகிறது. மத்தியானம் நிரம்பி வழியும் நாசி கண்டார் கடையில் எழுத முடிகிறவர், ஆளில்லாத மூன்று மணிக்கு ஒரே ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தால் திணறுவது இதனால்தான். கைப்பேசிப் பேச்சின் ஒரு பக்கம் மட்டும் காதில் விழுவது, இருவர் நேரில் பேசுவதைக் கேட்பதைவிட அதிகமாகக் கவனத்தைப் பறிக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு 2010-இல் காட்டியது. எதிராளி என்ன சொல்லியிருப்பார் என்று மூளை தானாக ஊகிக்கத் தொடங்கிவிடுகிறதாம்.

பாட்டுக்கும் இதே நியாயம்தான். குரல் உள்ள இசை, குரலற்ற இசையைவிட நினைவைக் கூடுதலாகக் குலைக்கிறது என்று 1989-லேயே பதிவாகியிருக்கிறது. வரிகளை மனப்பாடமாக அறிந்த திரைப்பாட்டு, பாத்திரம் கழுவவும் துணி மடிக்கவும் அருமையான துணை. அறிக்கை எழுதும்போது அது எழுதும் வாக்கியத்தோடு சண்டைக்கு நிற்கும். வீணை, நாகசுரம், தவில் அளவாக ஒலித்தால் அந்தச் சண்டை இல்லை.

வேலையின் கடினமும் ஒரு கணக்கு. 1908-இல் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எளிய பாடத்தைக் கற்பதற்கு வலுவான தூண்டல் உதவியது. நுட்பமான பாடத்துக்கு மிதமான தூண்டலே போதுமாக இருந்தது, கூடியபோது கெடுத்தது. மனிதருக்கும் இந்தப் பொது விதி ஓரளவு பொருந்துகிறது. சலிப்பூட்டும் வேலைக்குத் தூண்டல் கூடலாம். சிக்கலான வேலைக்குக் குறைய வேண்டும். 1972-இல் சுதந்திர வாணிக வட்டாரம் தொடங்கிய பாயான் லெப்பாஸில், மின்னணுத் தொழிற்சாலைகளின் தூய அறைகளில் காற்று வடிகட்டிகளின் உறுமல் நாள் முழுக்கச் சீராகக் கேட்கும். திரும்பத் திரும்ப ஒன்றையே பரிசோதிக்கும் வேலைக்கு அது ஏடிஎச்டி உள்ள சிலருக்கு ஒத்துவரலாம். அதே ஆள் பழுதான இயந்திரத்தின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியபோது, அமைதியான மூலைக்குப் போக நினைப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

கவனக் கலையில் நமக்கு ஒரு பழைய சாதனை உண்டு. நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பி பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானிகள் வெண்பா பாடிக்கொண்டே முதுகில் விழும் பொருள்களையும் அடிக்கும் மணியையும் எண்ணிவைத்திருந்து, கடைசியில் கணக்குச் சொல்வார்கள். அங்கே ஒவ்வொரு மணியோசையும் ஒரு வேலை. பயிற்சியால் வெல்ல வேண்டிய சுமை. ஏடிஎச்டி உள்ளவர் தேட வேண்டியது நேர் எதிரானது. நம்மிடம் எதையும் கேட்காத ஓசை, பதில் சொல்ல வேண்டாத அசைவு. பதில் கேட்கும் தூண்டல் கவனத்தைத் தின்னும். பதில் கேட்காத தூண்டல் விழிப்பை மட்டும் ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்கும்.

அசையும் கால், கிறுக்கும் கை

‘காலை ஆட்டாதே’ என்பது தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் கட்டளை. 2015-இல் அமெரிக்காவில் மார்க் ராப்போர்ட் குழு, நினைவுச் சோதனையின்போது சிறுவர்களின் அசைவை அளந்தது. ஏடிஎச்டி உள்ளவர்கள் அதிகம் அசைந்தபோது நினைவுத் திறன் மேம்பட்டது. மற்றவர்களுக்கு அசைவு கூடக்கூடத் திறன் குறைந்தது. இரைச்சல் ஆய்வில் கண்ட அதே எதிரெதிர் ஓட்டம். பின்னர் டேவிஸ் நகரக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஏடிஎச்டி உள்ள பெரியவர்களின் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அளவிகளைக் கட்டிப் பார்த்தது. விடை சரியாக வரும் தருணங்களில் அவர்கள் கூடுதலாக அசைந்துகொண்டிருந்தார்கள். அசைவு கவனச்சிதறலின் அடையாளம் என்பதைவிட, கவனத்தைப் பிடித்துவைக்க உடம்பு செய்யும் முயற்சி என்று பார்ப்பதே இந்தத் தரவுகளோடு ஒத்துப்போகிறது.

அசைவு தானாக வர வேண்டும் என்றுகூட இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் 83 நலமானவர்களையும் ஏடிஎச்டி உள்ள 17 பெரியவர்களையும் அதிரும் நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்காரவைத்தார்கள். ஒரு சொல் எந்த மையில் அச்சாகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், சொல்லோ வேறு நிறத்தின் பெயராக இருக்கும். நாக்கு தடுமாறும் இந்தச் சோதனையில் இரு தரப்பும் அதிர்வுக்குப் பின் மேம்பட்டார்கள். 17 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பட்டர்வொர்த் படகில் எஞ்சின் அதிர உட்கார்ந்திருந்துவிட்டு அலுவலகம் போனால் காலை வேலை நன்றாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், சிரிக்காமல் கேட்டுக்கொள்ளலாம்.

கைக்கும் ஒரு பங்கு உண்டு. பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆன்ட்ரேட் 40 பேருக்கு, விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொல்லும் சலிப்பான தொலைபேசிச் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் கேட்டபடியே தாளில் உள்ள வடிவங்களைப் பென்சிலால் நிரப்பினார்கள். கிறுக்கியவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். இவர்கள் ஏடிஎச்டிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். மனம் பகற்கனவுக்குள் நழுவாமல் பிடித்துவைக்கும் அளவுக்கு மட்டும் கையில் வேலை இருந்தால் போதும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

அப்படியானால் 2017-இல் உலகெங்கும் கடைகளில் குவிந்த விரல் சுழற்றி? கவனத்துக்கு நல்லது என்றே அதை விற்றார்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடமும் கல்லூரி மாணவர்களிடமும் நடந்த சோதனைகள் எதிர்மாறாகச் சொல்லின. அது கவனத்தையும் நினைவையும் குறைத்தது. சுழற்றியைப் பார்க்காமல் சுற்றுவது கடினம், கண் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. கரும்பலகையைப் பார்க்க வேண்டிய கண்ணை அது பிடுங்கிக்கொண்டது.

ரோலண்ட் ராட்ஸும் சாரா ரைட்டும் 2005-இல் எழுதிய நூலொன்றில் முன்வைத்த யோசனை இங்கே கைகொடுக்கிறது. முதன்மை வேலை எந்தப் புலனைக் கேட்கிறதோ, அதைத் தொடக்கூடாது. சும்மா இருக்கும் புலனுக்கு மட்டும் சிறு வேலை கொடுக்க வேண்டும். ஆய்வுகளை இந்த வரியோடு சேர்த்துப் படித்தால் பல புதிர்கள் விடுபடுகின்றன. கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது காது வேலையில் இருக்கிறது, கை சும்மா இருக்கிறது. அப்போது கிறுக்கலாம், ஜெபமாலை மணியை உருட்டலாம், பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கலாம். எண்களைச் சரிபார்க்கும்போது கண்ணும் கையும் வேலையில் இருக்கின்றன, காது சும்மா இருக்கிறது. தகரக் கூரையில் விழும் மழை போன்ற ஓசை ஒத்துவரும். எழுதும்போது மனத்துக்குள் மொழி ஓடுகிறது, அதனால் காதுக்கு மொழி கலக்காத ஒலி வேண்டும். காலுக்குக் கீழே ஒரு பந்தோ, நின்று எழுதும் மேசையோ இருக்கலாம். நாக்குக்கும் மூக்குக்கும் சான்று மெலிது. சூயிங்கம் பற்றிய முடிவுகள் ஒத்துப்போவதில்லை. கோப்பி ஓ-வில் உள்ள காஃபின், களைப்பைச் சொல்லும் அடினோசினின் இடத்தை அடைத்து விழிக்கவைக்கிறது. உடம்பில் அதன் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆவதால் மாலைக் கோப்பி இரவு உறக்கத்தைக் கெடுத்து மறுநாள் கவனத்தைத் தின்னும்.

கூடிப்போனால்

தூண்டல் எல்லா ஏடிஎச்டிக்காரர்களுக்கும் இதமானதல்ல. நெதர்லாந்தில் 2017-இல் வெளியான ஆய்வு, இவர்களில் பலருக்குப் புலன்கள் மந்தமாக இருப்பதும் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருப்பதும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படலாம் என்று காட்டியது. சட்டைக் கழுத்தில் உறுத்தும் லேபிள், தட்டில் கரண்டி உரசும் ஒலி, பெலாச்சான் பொரியும் நெடி ஆகியவை அவர்களை நிலைகுலையச் செய்யலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் உறுமி மேளத்துக்கு நடுவே உற்சாகமாக நடக்கும் ஒருவர், அடுத்த நாள் அலுவலகத்தில் யாரோ பேனாவைத் தட்டுவதைத் தாங்க முடியாமல் எரிந்து விழலாம். முதலாவது அவர் தேடிப்போனது. இரண்டாவது அவர் கட்டுப்பாட்டில் இல்லாதது. இத்தகையவர்களுக்குக் காதடைப்பான்தான் சிறந்த கருவி.

காதின் நலனையும் மறக்கக்கூடாது. ஆய்வகத்தில் பயன்படுத்திய 80 டெசிபல், போக்குவரத்து நெரிசலுள்ள சாலை அளவுக்கு உரத்தது. அந்த அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியாவின் 2019 ஆம் ஆண்டுத் தொழிலிட இரைச்சல் விதிகள் 82 டெசிபலைத் தாண்டினாலே மிகை இரைச்சல் என்று வகைப்படுத்துகின்றன. எட்டு மணி நேர வேலைக்கு 85 தான் உச்சம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலி ஆற்றல் இரட்டிக்கிறது. ஆகவே காதுக்குள் சொருகும் காதொலிப்பான்களில், பக்கத்தில் ஒருவர் இயல்பாகப் பேசினால் கேட்கும் அளவுக்கு மேல் வைக்க வேண்டாம்.

சத்தத்தைக் குறைப்பதற்கும் ஓர் ஆய்வின் துணை உண்டு. அமெரிக்காவில் 2009-இல் ஏடிஎச்டி உள்ள 17 பிள்ளைகளைப் பூங்காவிலும் நகர மையத்திலும் குடியிருப்புத் தெருவிலும் 20 நிமிடம் நடக்கவைத்து ஒப்பிட்டார்கள். பூங்காவில் நடந்து வந்தபோது கவனம் கூடியிருந்தது. ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்கா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வேலையின் நடுவே எதைச் சேர்ப்பது என்று யோசிப்பவர்கள், வேலைக்கு முன் எங்கே நடப்பது என்பதையும் யோசிக்கலாம்.

உங்கள் மூளைக்கு எது?

மேலே சொன்னவை சராசரிகள். ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்குக் கேடு. ஆகவே சோதித்துத்தான் பார்க்க வேண்டும், அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். சலிப்பான, திரும்பத் திரும்ப வரும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில், ஒரே கால அளவில், ஒரு நாள் அமைதியில், ஒரு நாள் சீரான இரைச்சலில், ஒரு நாள் நின்றுகொண்டு என்று மாறி மாறிச் செய்யுங்கள். எவ்வளவு முடிந்தது, எத்தனை பிழை என்று எழுதிவையுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்ற உணர்வை நம்ப வேண்டாம். சுகமாக இருப்பதும் வேலை நடப்பதும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. ஒன்று பழகிப்போய்ப் பலன் குறைந்தால் வேறொன்றுக்கு மாறுங்கள். புதுமைக்கே விழித்தெழும் மூளை, பழகிய ஓசைக்கு மறுபடியும் கண் அசந்துவிடும்.

இவை எதுவும் சிகிச்சைக்கு மாற்றாகாது. 2018-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளின் பலனை 0.79 என்றும் மெத்தில்பெனிடேட்டின் பலனை 0.49 என்றும் கணக்கிட்டது. இரைச்சலின் 0.25 ஆய்வகப் பணிகளில் கண்டது, மருந்தின் அளவு அன்றாட அறிகுறிகளில் கண்டது. நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்றாலும் எது முதன்மை, எது துணை என்பது தெரிகிறது. உலகச் சுகாதார நிறுவனம் உதவி உருவாக்கிய 18 கேள்விப் படிவத்தின் முதல் ஆறு கேள்விகளுக்கு நேர்மையாகப் பதிலளித்துப் பார்ப்பது ஒரு தொடக்கம். அது நோய் உண்டென்று முடிவு கட்டாது, மருத்துவரைப் பார்ப்பது நல்லதா என்று மட்டும் சொல்லும். மலேசியக் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் அரசு கிளினிக் கெசிஹாத்தானில் மருத்துவரைப் பார்த்து, மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். போகும்போது பழைய பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளை எடுத்துப்போவது நல்லது. 12 வயதுக்கு முந்திய அறிகுறிக்குச் சாட்சி சொல்பவை ஆசிரியர்கள் எழுதிய அந்தக் குறிப்புகள்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், ஏடிஎச்டி இல்லாதவர்களுக்கு. இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: ஒரு சாராருக்கு உதவும் தூண்டல் மறு சாராரைக் கெடுக்கிறது. ஆகவே ஒரே அறையில் எல்லோருக்கும் ஒரே விதி போட்டால் யாராவது ஒருவர் தோற்பது நிச்சயம். இரைச்சல் வேண்டியவருக்குக் காதொலிப்பான், அமைதி வேண்டியவருக்குக் கதவு, அசைய வேண்டியவருக்குப் பின்வரிசை என்று பிரித்துக் கொடுக்க அதிகச் செலவில்லை. பிள்ளை காலை ஆட்டிக்கொண்டே வாய்ப்பாட்டைச் சரியாகச் சொன்னால், வாய்ப்பாட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள். கால் அதன் பாட்டுக்கு ஆடட்டும்.